சாட்சிக் கையெழுத்து

அன்புச்செல்வி தன் கையெழுத்தை மதிக்கத் தொடங்கியது இருபத்தெட்டாவது வயதில். அதுவரை கேட்டவர்களுக்கெல்லாம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மருந்துப் பட்டியலில், டிஸ்சார்ஜ் தாளில், ரத்தப் பை வந்து சேர்ந்ததற்கு, வார்டின் தெர்மாமீட்டர் உடைந்ததற்கு. ஒரு நாளில் எழுபது எண்பது இடங்களில் 'த. அன்பு' என்று கிறுக்கிவிட்டு பஸ் பிடிக்க ஓடுகிற நர்சுகளில் அவளும் ஒருத்தி.

பிறந்தது சைதாப்பேட்டைப் பாலத்துக்குச் சற்றுத் தள்ளி, அடையாற்றங்கரையில். அப்பா தங்கவேல் கொத்தனார். மாநகராட்சிப் பள்ளியில் படித்து, டிப்ளமோ நர்சிங் முடித்து, அடையாறில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். பெருவெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரை வீடுகளை இடித்தபோது யாரோ ஒருவர் ஒரு தாளை நீட்ட, தங்கவேல் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார். முழுச் சம்மதத்துடன் இடம் பெயர்வதாக அதில் எழுதியிருந்தது. குடும்பம் ஊருக்கு வெளியே பெரும்பாக்கம் அரசுக் குடியிருப்பில் ஆறாவது மாடிக்குப் போய்ச் சேர்ந்தது. லிஃப்ட் ஓடாத நாட்களில் அப்பா மூச்சு வாங்கிக்கொண்டே அந்தத் தாளைத் திட்டுவார். "படிச்ச பொண்ண வூட்ல வச்சிக்கினு, படிக்காம கையெழுத்துப் போட்டேன் பாரு" என்பார்.  படித்த பெண் தன் வேலையிடத்தில் செய்துகொண்டிருந்ததும் அதே காரியம்தான்.

ஆஸ்பத்திரிகளில் சம்மதப் படிவம் என்று ஒன்று உண்டு. இன்ன அறுவை சிகிச்சை, அதில் இன்ன ஆபத்து, வேறு வழி இன்னது என்பதெல்லாம் எனக்கு விளக்கப்பட்டது, புரிந்தது, சம்மதிக்கிறேன் என்று நோயாளி கையெழுத்திட வேண்டிய தாள். அடியில் 'சாட்சி' என்று ஒரு கோடு. அதில் நர்ஸ் கையெழுத்திட்டால், நோயாளி கையெழுத்துப் போட்டதைக் கண்ணால் பார்த்தேன் என்று பொருள். அடையாறு ஆஸ்பத்திரியில் யாரும் எதையும் பார்க்க வேண்டியதில்லை. ஷிஃப்ட் முடியும் நேரத்தில் பத்துப் படிவங்கள் ஒன்றாக வரும். கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

அப்படி வந்த பத்தில் ஒன்று தேவானையுடையது. நொச்சிக்குப்பத்தில் சாலையோரம் மீன் விற்கிற பெண். வயிற்றில் கட்டி என்று வந்தவளுக்குக் கட்டியோடு கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டார்கள். எடுத்தது அவளுக்கு எட்டு மாதம் கழித்து, வேறொரு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தபோதுதான் தெரிந்தது. நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டாள். ஆஸ்பத்திரி வக்கீல் அன்புச்செல்வியை உட்காரவைத்து ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்தார். அவள் ஆணையத்தின் முன் நின்று அதை ஒப்பித்தாள்: "ஆமா சார், அவங்க விவரம் கேட்டுக்கிட்டு, என் கண் முன்னாலதான் கைநாட்டு வச்சாங்க."

எதிர்த்தரப்பு வக்கீல் தேவானையின் வங்கிப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். அதில் குண்டு குண்டாக, தெளிவாக, 'தேவானை' என்று கையெழுத்து இருந்தது. கையெழுத்துப் போடத் தெரிந்தவள் எதற்குக் கைநாட்டு வைத்தாள் என்று கேட்டார். அன்புச்செல்விக்குச் சொல்லிக் கொடுத்த வாக்கியம் ஒன்றுதான், இரண்டாவது இல்லை. அதற்குள் ஆபரேஷன் செய்த டாக்டர் எழுந்து, நோயாளிக்கு விளக்குகிற பொறுப்பை நர்சிடம் விட்டிருந்ததாகவும், அதற்கு அவளுடைய கையெழுத்தே சாட்சி என்றும் வெகு நிதானமாகச் சொன்னார். அவள் பொய் சொன்னது அவருக்காக. அவர் அந்தப் பொய்யின் மேலேயே ஏறி நின்றுகொண்டார்.

வெளியே வராந்தாவில் தேவானை அவளிடம் வந்தாள். "நீ அன்னிக்கு அங்க இல்லவே இல்லியேம்மா. உன் மூஞ்சிய நா இன்னிக்குத்தான் பாக்குறேன். மயக்கமா படுத்துக்கினு இருந்தவ கட்டவெரல புட்சி உருட்டிக்கீறாங்க. நீ இன்னாத்த பாத்த?"

அன்புச்செல்வி தரையைப் பார்த்தாள். தேவானை காறித் துப்பவில்லை. துப்பியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, வெயிலில் இறங்கிப் போய்விட்டாள்.

ஆணையத்தின் தீர்ப்பு தேவானையின் பக்கம் வந்தது. அதில் ஒரு வரி: 'சாட்சியான செவிலியரின் கூற்று நம்பத்தக்கதாக இல்லை.' அன்புச்செல்வியைப் பொய்க்காரி என்று முத்திரை குத்தி எழுதிய காகிதம் அது. ஆஸ்பத்திரி அதே வாரம் அவளை வேலையை விட்டு நிறுத்தியது. அந்த டாக்டர் இன்றும் அங்கேதான் இருக்கிறார். அவருக்கு ஆங்கிலத்தில் ஒரு விருதுகூடக் கொடுத்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு தி. நகரில் வேலை கிடைத்தது. உஸ்மான் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வருகிற நான்கு மாடி ஆஸ்பத்திரி. நோயாளிகளில் பாதிப் பேர் சுற்றுவட்டார ஜவுளிக்கடை, நகைக்கடைக் குடும்பங்கள். அங்கே இன்னும் வசதி. அட்மிஷன் கவுன்டரில் பெயர், வயது எழுதும்போதே ஏழு வெற்றுப் படிவங்களில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். என்ன சிகிச்சை என்பதைப் பிற்பாடு நிரப்பிக்கொள்ளலாம். தான் பார்க்காத கையெழுத்துக்குச் சாட்சி போட முடியாது என்று அன்புச்செல்வி முதல் வாரமே சொன்னாள். மேட்ரன் ஸ்வர்ணலதா சிரித்தாள். இருபத்திரண்டு வருடமாக அந்த மாடியில் எல்லாவற்றுக்கும் ஸ்வர்ணலதாவிடம் ஒரே மருந்துதான்: "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா." அன்புச்செல்வி போடாத கோடுகளில் மற்ற நர்சுகள் போட்டார்கள். முதுகுக்குப் பின்னால் அவளுக்கு 'வக்கீலம்மா' என்று பெயர் வைத்தார்கள். அவர்கள்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படக்கூட ஒரு தகுதி வேண்டும் என்று நினைத்தாள்.

ஏழு வருடம் இப்படியே போனது. போன ஆண்டு ஆடி மாதத்தில் கணேசமூர்த்தி வந்து சேர்ந்தார்.

அறுபத்தெட்டு வயது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, ரங்கநாதன் தெருவில் முப்பத்தைந்து வருடமாகப் பாத்திரக்கடை நடத்துகிறவர். சர்க்கரை. வலது பாதத்தில் புண் அழுகி, கருத்து, கணுக்கால்வரை ஏறியிருந்தது. படுக்கையில் படுத்தபடியே போனில் கடையை விரட்டிக்கொண்டிருந்தார். தலையணை சரியில்லை, காபி சரியில்லை, ஃபேன் சுற்றுகிற விதம் சரியில்லை. வார்டு முழுக்க 'அண்ணாச்சி' என்று கூப்பிட்டது. அவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

சர்ஜன் டாக்டர் ரகுபதி. அவர் கை ராசியான கை என்று தி. நகர் முழுக்கச் சொல்வார்கள். கையைப் பற்றி அன்புச்செல்விக்கும் குறையில்லை. வாய்தான், நோயாளியைக் கண்டால் மூடிக்கொள்ளும். நோயாளியின் மகன், மருமகன், மச்சினன் என்று பேன்ட் போட்டு நிற்கிற யாராவது ஒருவரைத் தேடிப் போய் அங்கே திறக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணி. ஆபரேஷனுக்கு அனுப்புமுன் நோயாளியிடம் கேட்டு நிரப்ப வேண்டிய பட்டியலோடு அன்புச்செல்வி அவர் கட்டிலருகே போனாள்.

"ஐயா, உங்க பேரு சொல்லுங்க."

"கையில பட்ட கட்டி எழுதியிருக்குல்லா? கணேசமூர்த்தி."

"இன்னிக்கு உங்களுக்கு என்ன ஆபரேஷன் பண்றாங்க?"

"புண்ணக் கழுவி, அழுகுன சதையச் சொரண்டி எடுக்கப் போறாவளாம். அர மணி நேர வேலைன்னு மகன் சொன்னான். சாயங்காலம் போன் பேசலாம்லா?"

அவள் கையிலிருந்த படிவத்தில் வேறு எழுதியிருந்தது. வலது கால், முழங்காலுக்குக் கீழே நீக்கம். சம்மதம் தருபவர்: மகேஷ், மகன். சாட்சி என்ற கோடு காலியாக இருந்தது.

"கொஞ்சம் இருங்க ஐயா. டாக்டர் வந்து உங்ககிட்ட பேசற வரைக்கும் நீங்க கீழ போக வேணாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

மகேஷ் வராந்தாவில் இருந்தான். நாற்பது வயது, இஸ்திரி கலையாத சட்டை, கையில் இரண்டு போன். விஷயத்தைக் கேட்டதும் குரலைத் தாழ்த்தினான். "சிஸ்டர், அப்பாகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க. அவருக்கு ஹார்ட் வீக். எல்லாம் முடிஞ்சதும் நாங்க பக்குவமா சொல்லிக்கிறோம்."

"முடிஞ்சப்புறம் சொல்றதுக்கு என்ன சார் இருக்கு? போர்வையத் தூக்கிப் பார்த்தா அவருக்கே தெரிஞ்சிரும்."

"நான் மூத்த பையன். நான்தான் சைன் பண்ணியிருக்கேனே?"

"கால் உங்களோடது இல்லையே."

மகேஷ் அவளை ஏற இறங்கப் பார்த்தான். பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற நர்சை, பாத்திரக்கடை முதலாளியின் மகன் பார்க்கிற பார்வை. அவளும் அவனைப் பார்த்தாள். அப்பாவிடம் நேருக்கு நேர் உண்மை சொல்லத் துப்பில்லாதவன், அந்தப் பயத்துக்கு அப்பாவின் இதயத்தைக் காரணம் காட்டுகிறான். நினைவு தப்பிக் கிடக்கிற ஆளுக்கு, உயிர் போகிற அவசரத்துக்கு மகன் கையெழுத்துப் போடுவது வேறு. உள்ளே படுத்திருக்கிற மனிதர் அந்த நிமிடம்கூட எண்பது லிட்டர் அண்டாவின் விலையைப் பைசா சுத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் உடம்புக்கு அவர்தான் சம்மதம் தர வேண்டும். சட்டம் அவ்வளவுதான். ஒரு குழந்தைக்குச் சொன்னாலும் புரியும்.

டாக்டர் ரகுபதிக்குப் போன் செய்தாள்.

"தியேட்டர் ரெடி. மயக்க மருந்து டாக்டர் காத்துக்கிட்டிருக்கார். பேஷன்ட்ட அனுப்பாம அங்க என்னம்மா பண்ணிட்டிருக்கே?"

"கால் எடுக்கப் போறாங்கன்னு பேஷன்ட்டுக்குத் தெரியல சார். நீங்க வந்து சொல்லிட்டா அனுப்பிடறேன்."

"நீயே சொல்லித் தொலையேன்!"

"ஆபரேஷன விளக்க வேண்டியது ஆபரேஷன் பண்றவங்க சார். அவருக்குப் புரிஞ்சுதான்னு பாக்கறதுதான் என் வேலை."

மறுமுனையில் போன் அணைந்தது. அடுத்த மூன்றாவது நிமிடம் ஸ்வர்ணலதா ஓடி வந்தாள். "அன்பு, பெரிய குடும்பம்மா. இவங்க மூலமா எத்தனை பேர் வர்றாங்க தெரியுமா? சாட்சில நீ போட வேணாம், வேற யாராவது போடட்டும். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

அன்புச்செல்வி அதற்குள் நர்சுகளின் குறிப்பேட்டில் எழுதி முடித்திருந்தாள். மணி 7.50. 'புண்ணைச் சுத்தம் செய்கிறார்கள் என்றே நோயாளி அறிந்திருக்கிறார். கால் நீக்கம் பற்றி அவருக்குத் தெரியாது. சர்ஜனுக்குத் தொலைபேசியில் தெரிவிக்கப்பட்டது.' ஸ்வர்ணலதா அதை வாசித்தாள். முகம் வெளுத்தது.

"இந்தப் பக்கத்தக் கிழிச்சிடலாம்."

"கிழிங்க மேடம். கிழிச்சது யாருன்னு அடுத்த பக்கத்துல எழுதறேன்."

ஸ்வர்ணலதா கிழிக்கவில்லை. இனி எவன் வந்து கழுத்தை நெரித்தாலும் அந்த மூன்று வரி அங்கே இருக்கும் என்று அன்புச்செல்விக்குத் தெரியும். ஆணையத்தில் வக்கீல்கள் எதைத் தேடிப் புரட்டுவார்கள் என்று அவள் பார்த்திருக்கிறாள்.

டாக்டர் ரகுபதி கழுத்தில் மாஸ்க் தொங்க வந்தார். அவளைப் பார்க்காமல் கட்டிலுக்குப் போனார். அங்கே போன பிறகும் தொண்டையைச் செருமினார், கேஸ் தாளைப் புரட்டினார், மகேஷைப் பார்த்தார். எத்தனையோ கால்களை வெட்டிய மனிதருக்கு, வெட்டப்போகிறேன் என்று ஒருவரிடம் சொல்ல வார்த்தை வரவில்லை. கடைசியில் சொன்னார்.

கணேசமூர்த்தி போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தார். பிறகு கேட்டார். "முட்டிக்குக் கீழ எத்தன வெரக்கட மிஞ்சும்?"

"ஏழெட்டு விரற்கடை இருக்கும். செயற்கைக் கால் பொருத்தலாம்."

"வெட்டலன்னா?"

"விஷம் ரத்தத்துல ஏறிடும். உயிருக்கு ஆபத்து."

"இத எங்கிட்டச் சொல்லுததுக்கு ஒமக்கு என்ன கேடு?"

 மகேஷ் முன்னால் வந்தான். "அப்பா, நீங்க தாங்க மாட்டீங்கன்னுதான்..."

"போல அங்கிட்டு. பதினேழு வயசுல மஞ்சப்பையோட எழும்பூர்ல எறங்குனவன் இதத் தாங்க மாட்டானாம். எங்கால வெட்டச் சொல்ல நீ யாருல? சட்டி விக்கும்போதுகூட வாங்குதவன் கிட்டக் கேட்டுத்தான கட்டிக் குடுக்க? வெளிய நில்லு."

அவர் ஒரு நாள் அவகாசம் கேட்டார். வேறொரு டாக்டர் வந்து பார்க்க வேண்டும் என்றார். ரகுபதி முகத்தைச் சுளித்தார். ஆனால் குறிப்பேட்டில் அந்த மூன்று வரி இருந்தது. ஊசி மருந்தை ஏற்றிக்கொண்டு மறுநாள்வரை பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டார். வெளியிலிருந்து வந்த ரத்தக்குழாய் நிபுணரும் அதையேதான் சொன்னார். கால் போகத்தான் வேண்டும். இதைச் சொல்லி முடிக்க அவருக்குப் பத்து நிமிடம் ஆனது. பத்து நிமிடம், அந்த ஆஸ்பத்திரியில் யாரிடமும் இல்லாத பொருள்.

புதன்கிழமை காலை கணேசமூர்த்தி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு புதுப் படிவத்தை இரண்டு பக்கமும் வாசித்தார். 'மருத்துவர் தேவை எனக் கருதும் வேறு எந்தச் சிகிச்சைக்கும்' என்ற வரியைப் பேனாவால் அடித்தார். "தொக எழுதாத செக்குல கையெழுத்துப் போடுத பழக்கம் எனக்கில்ல" என்றார். கையெழுத்திட்டார். அன்புச்செல்வி பக்கத்தில் நின்று பார்த்தாள். பார்த்துவிட்டு, சாட்சிக் கோட்டில் முழுப் பெயரையும் எழுதினாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றாமலே கேட்டார். "நேத்துக் காலையில வச்சிருந்தியே அந்தத் தாளு, அது ஒங்கைக்கு எப்ப வந்துச்சு?"

"திங்கட்கிழமை சாயந்தரம் ஃபைல்ல பார்த்தேன் ஐயா."

"பாத்துட்டு?"

"டியூட்டி முடிஞ்சு போச்சு. காலைல கேட்டுக்கலாம்னு போயிட்டேன்."

"அப்ப நீயும் இவனுவ கூட்டந்தான்" என்றார் கணேசமூர்த்தி. "ஒரு நா முந்திச் சொல்லியிருந்தா, ரெண்டு காலோட கடைக்கு ஒரு நட போயிட்டு வந்திருப்பேன்."

 மற்றவர்களை ஏழு வருடமாக அளந்துகொண்டிருந்த அதே கோலால் அவர் அவளை அளந்தார். அளவு சரியாகத்தான் இருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்று மாதத்தில் செயற்கைக் காலோடு அவர் கடையில் உட்கார்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டாள். கடைச் சாவியை மகேஷிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டாராம். அவளுக்கு நன்றி என்று ஒரு வார்த்தை வரவில்லை. அவள் எதிர்பார்க்கவும் இல்லை.

வந்தது மெமோ. நிர்வாக அதிகாரி முத்துகிருஷ்ணன் கையெழுத்திட்டது. 'நோயாளியின் குடும்பத்தினரிடம் மனிதாபிமானமற்ற முறையில் நடந்து, அவர்களுக்கு மன உளைச்சல் ஏற்படுத்தியமைக்கு விளக்கம் தருக.' அன்புச்செல்வி மூன்று முறை வாசித்தாள். நோயாளி என்ற சொல் ஒரே இடத்தில்தான் வந்தது, அதுவும் குடும்பத்துக்கு முன்னொட்டாக. 'சம்மதம் தராத நோயாளியை அறுவை சிகிச்சைக்கு அனுப்புவது குற்றம். நான் அனுப்பவில்லை' என்று பதில் எழுதினாள். மன்னிப்பு என்ற வார்த்தையைச் சேர்க்கச் சொன்னார் முத்துகிருஷ்ணன்.

"எதுக்கு சார் மன்னிப்பு?"

"எதுக்குன்னு எழுத வேணாம்மா. பொதுவா கேட்டுடு."

அவள் கேட்கவில்லை. பதினான்கு வருட அனுபவமுள்ள நர்சைத் தரைத்தளத்தில் கருத்துக் கேட்பு மேசையில் உட்காரவைத்தார்கள். வீட்டுக்குப் போகிறவர்களிடம் சிரித்த முகம், சாதா முகம், அழுத முகம் வரைந்த அட்டையை நீட்டி, ஒன்றில் டிக் அடிக்கச் சொல்ல வேண்டும். அழுத முகங்களை முத்துகிருஷ்ணன் வாராவாரம் தனியே எடுத்துக் குப்பையில் போடுவார். அதைப் பார்த்துக்கொண்டு நான்கு மாதம் உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் தரச் சான்றிதழுக்கான ஆய்வு என்று ஒரு அறிவிப்பு வந்தது. ஆஸ்பத்திரி சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தது. நர்சுகள் நோயாளி உரிமைகளை மனப்பாடம் செய்தார்கள். கேள்வியை மாற்றிக் கேட்டால் விழித்தார்கள். ஸ்வர்ணலதா தரைத்தளத்துக்கு இறங்கி வந்தாள். கையில் ஒரு டப்பாவில் பால்கோவா.

"அன்பு, ரெண்டே நாள் மேல வாம்மா. கன்சென்ட் பத்திக் கேட்டா நம்மள்ள பதில் தெரிஞ்சது உனக்குத்தான்."

எதைச் செய்ததற்காகக் கீழே தள்ளினார்களோ, அதைச் சொல்லிக் காட்ட மேலே கூப்பிடுகிறார்கள். அன்புச்செல்வி பால்கோவாவைத் தொடவில்லை. மேலே போனாள்.

ஆய்வுக்கு வந்தவர் ஜமீலுன்னிசா, அரசு மருத்துவமனையில் நர்சிங் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கஞ்சி போட்ட பருத்திப் புடவை. எடுத்து வைத்திருந்த ஃபைல்களை ஒதுக்கிவிட்டு அலமாரியிலிருந்து தானே இருபது உருவினார். வாசித்தார். பதினோரு ஃபைல்களில் சாட்சிக் கையெழுத்தின் நேரமும் அட்மிஷன் நேரமும் ஒன்றாக இருந்தன. இரண்டில் ஆபரேஷன் முடிவான தேதிக்கு முந்தைய நாளே நோயாளி அதற்குச் சம்மதித்திருந்தார்.

"இந்தக் கையெழுத்தெல்லாம் எப்ப வாங்கறீங்க?"

ஸ்வர்ணலதா சிரிப்போடு அன்புச்செல்வியைக் காட்டினாள். முத்துகிருஷ்ணனும் டாக்டர் ரகுபதியும் பின்னால் நின்றார்கள்.

"அட்மிஷன் கவுன்டர்ல மேடம்" என்றாள் அன்புச்செல்வி. "பேரு எழுதும்போதே. ஏழு இடத்துல. அப்ப எந்தத் தாள்லயும் எதுவும் எழுதியிருக்காது."

 முத்துகிருஷ்ணன் இருமினார்.

"சாட்சி?"

"யாரு டியூட்டில இருக்காங்களோ அவங்க. பாத்தாங்களான்னு கேட்டா, பாக்கல."

"நீங்க?"

"இங்க பாக்காமப் போட்டதில்ல. இதுக்கு முன்னால இருந்த எடத்துல போட்டிருக்கேன். கோர்ட்டு மாதிரி எடத்துல நின்னு பாத்தேன்னு பொய்யும் சொல்லியிருக்கேன்."

ஜமீலுன்னிசா கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். எழுதிக்கொண்டார்.

சான்றிதழ் ஆறு மாதம் தள்ளிப்போனது. அன்புச்செல்வியை வேலையை விட்டுத் தூக்க முத்துகிருஷ்ணன் ஆசைப்பட்டார். அவள் பெயர் ஆய்வறிக்கையில் இருந்ததால் கையைக் கட்டிக்கொண்டார். அவளைத் திரும்ப மேல் மாடிக்கே அனுப்பினார்கள். கவுன்டரில் வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்குவது நின்றது. லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் 'நோயாளியின் உரிமைகள்' என்று பித்தளைச் சட்டத்தில் ஒரு பலகை மாட்டி, திறப்பு விழாவுக்கு ரிப்பன்கூட வெட்டினார்கள். பயத்தில் வந்த ஒழுங்கு என்று அவளுக்குத் தெரியும். பயம் போனால் ஒழுங்கும் போகும். அதுவரைக்கும் லாபம்.

போன வாரம் மேற்கு மாம்பலத்திலிருந்து ஒரு பெண் பித்தப்பை ஆபரேஷனுக்கு வந்திருந்தாள். டாக்டர் ரகுபதி வந்து, கட்டிலின் கால்மாட்டில் கையைக் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து வேகமாகச் சொல்லி முடித்தார். அந்தப் பெண் மூன்று கேள்வி கேட்டாள். முதல் கேள்விக்கே அவர் வாட்சைப் பார்த்தார். அன்புச்செல்வி ஓரத்திலிருந்த ஸ்டூலை இழுத்து அவர் காலடியில் வைத்தாள்.

"உக்காந்து சொல்லுங்க சார்."

அவர் அவளை முறைத்தார். அப்புறம் உட்கார்ந்தார்.